பிள்ளை காலை ஊன்ற மாட்டேன் என்றால்



பிள்ளைகளின் கால் வலிக்கு நம் லயங்களில் வழக்கமாகச் சொல்லும் காரணம் ஒன்றுதான்: "எங்கயோ விழுந்திருக்கு." ஓடியாடும் பிள்ளை ஒரு நாளைக்குப் பத்துத் தடவை விழும். ஆகவே எந்தக் கால் வலிக்கும் ஒரு விழுகையைக் கண்டுபிடித்துவிடலாம். பிறகு நோவெண்ணெய், சுளுக்கு உருவுதல், வெந்நீர் ஒத்தடம், அரைப் பனடோல். அநேகமான கால் வலிக்கு இரண்டு நாள் போதும், பிள்ளை மறுபடி படியில் ஏறி இறங்கத் தொடங்கிவிடும். பெற்றோருக்கும் இந்த வைத்தியத்தில் நம்பிக்கை கூடிவிடும். அந்த நம்பிக்கைதான் என்றோ ஒரு நாள், ஒரு பிள்ளைக்கு ஆபத்தாகிறது.

இந்த இதழில் நாம் படிக்கப்போவது மூட்டுக்குள் சீழ் பிடிக்கும் நோயைப் பற்றி. வைத்தியர்கள் இதை செப்டிக் ஆர்த்ரைட்டிஸ் என்பார்கள். இது அடிக்கடி வரும் நோயல்ல. ஆனால் வந்துவிட்டால் நாளைக்குப் பார்க்கலாம், சம்பளம் போட்டபின் பார்க்கலாம் என்று தள்ளிப்போட முடியாத நோய். சின்னப் பிள்ளைகளுக்கே, அதிலும் ஐந்து வயதுக்குள் உள்ளவர்களுக்கே அதிகமாக வரும். பெரும்பாலும் ஒரே ஒரு மூட்டில் வரும். முழங்காலும் இடுப்பும்தான் முக்கியமானவை. தோள், முழங்கை, கணுக்கால் என்பனவும் உண்டு.

கொழும்பை மனதில் வைத்தே இதை எழுதுகிறோம். தோட்டக் குடும்பங்களில் அநேகருக்குக் கொட்டாஞ்சேனையிலோ வெள்ளவத்தையிலோ ஒரு சொந்தம் இருக்கிறது. தம்பி கடையில் நிற்கிறான், அக்கா ஒரு வீட்டில் வேலை செய்கிறாள். ஸ்கூல் லீவுக்கும், ஆடிவேலுக்கும், கொச்சிக்கடை அந்தோனியார் திருவிழாவுக்கும் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போகிறோம். மலையகத்தில் இருந்து பொரளை லேடி ரிஜ்வே சிறுவர் வைத்தியசாலைக்குப் பிள்ளையைக் கொண்டுபோகும் தாய்மாரும் தங்குவது இந்தச் சொந்தக்காரர் வீடுகளில்தான். கொழும்பில் நல்ல வைத்தியம் கிட்டத்திலேயே இருக்கிறது. ஆனால் அங்கேயும் இந்த நோயைத் தவறவிட வழிகள் பல உண்டு.

மூட்டுக்குள் என்ன நடக்கிறது?

ஆட்டெலும்பு வாங்கும்போது பார்த்திருப்பீர்கள். எலும்பின் முனையில் வெள்ளையாக, வழுவழுப்பாக ஒரு பூச்சுப் போல இருக்கும். அதுதான் குருத்தெலும்பு. இரண்டு எலும்பு ஒன்றின் மேல் ஒன்று உரசாமல் வழுக்கிக்கொண்டு போவது அதனால்தான். அந்த இடத்தைச் சுற்றி ஒரு பை. பைக்குள் கொஞ்சம் பிசுபிசுப்பான நீர்.

கிருமி இந்தப் பைக்குள் போவது பெரும்பாலும் இரத்தம் வழியாக. காலில் ஒரு கட்டி, சொறிந்து புண்ணான அட்டைக்கடி, தொண்டைப் புண், காதில் சீழ், பிறந்த குழந்தை என்றால் தொப்புள் புண் - எங்கிருந்தும் புறப்பட்டு இரத்தத்தில் கலந்து மூட்டில் வந்து இறங்கலாம். எந்தப் புண்ணும் இல்லாத பிள்ளைக்கும் வரும். ஸ்டஃபிலோகொக்கஸ் என்ற கிருமிதான் இதில் முதலாவது; நம் தோலிலும் மூக்கிலும் சாதாரணமாகக் குடியிருக்கும் கிருமி அது.

மூட்டுக்குள் சீழ் சேர்ந்ததும் அந்த வெள்ளைக் குருத்தெலும்பு அரிபடத் தொடங்கும். ஒருதடவை அரிபட்டால் அது பழையபடி வளராது. இடுப்பு மூட்டில் இன்னொரு கெடுதலும் உண்டு. அது ஆழத்தில் இருக்கும் சின்ன இடம். சீழ் நிறைந்து அழுத்தம் கூடும்போது தொடை எலும்பின் உருண்டைத் தலைக்குப் போகும் இரத்தக் குழாய்கள் நசுங்குகின்றன. லயத்துக்கு வரும் தண்ணிக் குழாயை ஒருவர் காலால் மிதித்துக்கொண்டு நிற்பது போல. இரத்தம் போகாவிட்டால் அந்தத் தலை செத்துவிடும். நாலைந்து நாள் கழித்து வைத்தியசாலைக்கு வரும் பிள்ளைகளுக்குத்தான் கால் கட்டையாவதும், மூட்டு மடங்காமல் போவதும், இடுப்பு விலகுவதும் அதிகம். 1874இல் லண்டன் சென் பார்த்தலோமியு வைத்தியசாலையின் சத்திரசிகிச்சை நிபுணர் தோமஸ் ஸ்மித் கைக்குழந்தைகளின் மூட்டுச் சீழ் பற்றி எழுதிய காலத்தில் அது பெரும்பாலும் உயிரையே கொண்டுபோன நோய். இன்றைக்கு மருந்து உண்டு. நேரத்தோடு போனால் பிள்ளை முழுசாகச் சுகமாகும்.

வீட்டிலேயே தெரியும் அடையாளங்கள்

இதுதான் இந்தப் பாடத்தின் நடுப்பகுதி. ஆறுதலாகப் படியுங்கள்.

1999இல் அமெரிக்காவின் பொஸ்டன் சிறுவர் வைத்தியசாலையில் கோக்கர் என்ற எலும்பு வைத்தியரும் அவருடன் வேலை செய்தவர்களும் இடுப்பு வலியோடு வந்த பிள்ளைகளின் பழைய குறிப்புகளை எல்லாம் எடுத்துப் பார்த்தார்கள். யாருக்குச் சீழ், யாருக்குத் தானாக மாறும் வெறும் நீர்க்கோர்வை என்பதைப் பிரித்துச் சொல்ல நாலு கேள்வி போதும் என்று கண்டார்கள். பிள்ளை காலை ஊன்றுகிறதா? காய்ச்சல் 38.5 பாகைக்கு மேல், அதாவது நம் கணக்கில் ஏறக்குறைய 101க்கு மேல் இருக்கிறதா? இரத்தத்தில் வெள்ளை அணுக்கள் 12,000க்கு மேலா? ஈ.எஸ்.ஆர். என்ற இரத்தச் சோதனை 40க்கு மேலா?

நாலும் இல்லாவிட்டால் சீழாக இருக்க வாய்ப்பு அநேகமாக இல்லை. ஒன்று இருந்தால் நூற்றுக்கு மூன்று, இரண்டு இருந்தால் நூற்றுக்கு நாற்பது, மூன்று இருந்தால் தொண்ணூறுக்கு மேல். நாலும் இருந்தால் நூற்றுக்கு 99 என்று அப்போது கணக்கிட்டார்கள். 2004இல் அதே வைத்தியசாலையில் மறுபடி பார்த்தபோது நாலும் உள்ளவர்களுக்கு அது 93 ஆக வந்தது. வேறு ஊர்களில் இன்னும் குறைவாகவும் வந்திருக்கிறது. ஆகவே இது வாய்ப்பாடு போலக் கணக்கு முடிக்கும் விஷயமல்ல. 2006க்குப் பிறகு சி.ஆர்.பி. என்ற இன்னொரு இரத்தச் சோதனையையும் வைத்தியர்கள் சேர்த்துப் பார்க்கிறார்கள்.

நாம் கவனிக்க வேண்டியது என்னவென்றால், இந்த நாலில் முதல் இரண்டையும் பார்க்க டொக்டர் தேவையில்லை. அம்மா பார்க்கலாம், அம்மாயி பார்க்கலாம், புள்ளக் காம்பராவில் பிள்ளையைப் பார்த்துக்கொள்ளும் அக்கா பார்க்கலாம். காய்ச்சலும் அடிக்குது, காலையும் ஊன்றுதில்லை என்றால் அதிலேயே பாதி வழி வந்தாயிற்று. நூற்றுக்கு நாற்பது என்பது விடியும்வரை காத்திருக்கும் கணக்கல்ல.

சுளுக்குப் பிள்ளைக்கும் சீழ்ப் பிள்ளைக்கும் வித்தியாசம் பாருங்கள். சுளுக்குப் பிள்ளை நொண்டி நொண்டியாவது நடக்கும், பிஸ்கட் காட்டினால் வரும். சீழ்ப் பிள்ளை காலை அசைக்கவே விடாது. இடுப்பு மூட்டு என்றால் முழங்காலை மடித்து, தொடையை வெளிப்பக்கம் விரித்து, தவளை படுத்தாற்போல் அப்படியே கிடக்கும். அந்த நிலையில்தான் பைக்குள் கொஞ்சம் இடம் கூடி வலி குறையும். பிள்ளைக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை, அதுவாகக் கண்டுபிடித்துக்கொள்கிறது. நாம் காலை நேராக்கப் பார்த்தால் அலறும். முழங்கால் என்றால் வீக்கமும் சூடும் கைக்குத் தெரியும். இடுப்பில் வெளியே ஒன்றும் தெரியாது. வீக்கமில்லைதானே என்று ஆறுதல்படக் கூடாது.

இன்னொன்று. இடுப்பில் நோய் இருக்கும்போது பிள்ளை முழங்காலைக் காட்டி அழலாம். இரண்டு இடத்துக்கும் போகும் நரம்பு ஒன்றாக இருப்பதால் இப்படி ஆகிறது. முழங்காலில் ஒன்றும் இல்லை என்று வீட்டுக்கு அனுப்பப்பட்டு, மறுநாள் இடுப்பில் பிடிபட்ட பிள்ளைகள் எல்லா நாட்டிலும் உண்டு. "எதற்கும் இடுப்பையும் பாருங்க டொக்டர்" என்று நாம் கேட்பதில் தப்பே இல்லை.

பேசத் தெரியாத கைக்குழந்தையிடம் இதை எப்படிக் கண்டுபிடிப்பது? துணி மாற்றும்போது, ஒரு காலைத் தூக்கினால் மட்டும் வீரிட்டு அழும். ஒரு கையோ காலோ ஆடாமல் துவண்டு கிடக்கும், வாதம் வந்தது போல. பால் குடிக்காது. பிறந்து சில கிழமைகளே ஆன குழந்தைக்குக் காய்ச்சலே இல்லாமலும் இருக்கும். "உடம்பு சூடு இல்லையே" என்ற பேச்சு அந்த வயதில் செல்லாது.

கொழும்பில் வரும் குழப்பங்கள்

ஒரு பிள்ளையை நினைத்துக்கொள்வோம். மூன்று வயது. லீவுக்கு வெள்ளவத்தையில் சித்தி வீட்டுக்கு வந்த இடத்தில் ராத்திரி காய்ச்சல். மறுநாள் காலை எழும்பவில்லை. சித்தி என்ன நினைப்பாள்? டெங்கு. கொழும்பில் காய்ச்சல் என்றால் முதலில் வரும் எண்ணம் அது, அதில் பிழை சொல்ல முடியாது. உடம்பு நோவு டெங்கிலும் உண்டு. தெருமுனைக் கிளினிக்கில் எப்.பி.சி. எடுக்கச் சொல்வார்கள்.

அந்த எப்.பி.சி. துண்டை எறிந்துவிடாதீர்கள். எல்லாரும் அதில் பிளேட்லட்டை மட்டும் பார்க்கிறார்கள். வெள்ளை அணுக்கள் எண்ணிக்கையும் அதில் இருக்கும். டெங்கில் அது வழக்கமாகக் குறையும். சீழ் பிடித்தால் வழக்கமாகக் கூடும். நாம் சொன்ன நாலு கேள்வியில் மூன்றாவதற்கு விடை அந்தத் துண்டிலேயே கிடக்கிறது. அடுத்து பார்க்கும் டொக்டரிடம் அதைக் கொடுங்கள்.

சிக்குன்குன்யாவும் குழப்பும். 2006இல் இந்த நாட்டில் பரவியபோது கொழும்பில் நடக்க முடியாமல் கிடந்தவர்கள் ஏராளம். அதில் வலி பல மூட்டுகளில், இரண்டு பக்கமும் வரும். வீட்டில் நாலு பேருக்கு வரும். ஒரு பிள்ளைக்கு, ஒரு மூட்டில் மட்டும் என்றால் அந்தக் கதை பொருந்தாது.

தொண்டை நோவு மாறி இரண்டு மூன்று கிழமையில் மூட்டு வீங்கி, இன்றைக்கு முழங்கால், நாளைக்குக் கணுக்கால், பிறகு மணிக்கட்டு என்று இடம் மாறிக்கொண்டே போனால் அது மூட்டுவாதக் காய்ச்சல், அதாவது ருமாட்டிக் ஃபீவர், ஆக இருக்கலாம். பெரும்பாலும் ஐந்து வயதுக்கு மேல். மூட்டு சுகமாகிவிடும், ஆனால் இருதய வால்வு கெடும். அதுவும் வைத்தியசாலைக்குப் போக வேண்டிய நோயே. மாதக்கணக்கில் மெதுவாக வீங்கி, அதிக சூடில்லாமல், பிள்ளை மெலிந்துகொண்டே போனால் மூட்டில் கசநோயையும் நினைக்க வேண்டும்.

சளிக்காய்ச்சலுக்குப் பிறகு இடுப்பில் நீர் கோர்த்து நொண்டும் பிள்ளைகள்தான் எண்ணிக்கையில் மிக அதிகம். மூன்று வயதிலிருந்து எட்டு வயது வரை. ஓய்வோடு ஒன்றிரண்டு கிழமையில் மாறும். ஆனால் அது வெறும் நீர் என்று தீர்மானிக்க வேண்டியது டொக்டர். பக்கத்து வீட்டு அம்மா அல்ல.

ஊசி குத்திப் பார்ப்பது ஏன்?

வைத்தியசாலையில் இரத்தம் எடுப்பார்கள். எக்ஸ்றே எடுப்பார்கள், முதல் நாட்களில் அதில் அநேகமாக ஒன்றும் தெரியாது, முறிவு இல்லை என்று உறுதிப்படுத்தத்தான். பிறகு ஸ்கேன். இடுப்புக்குள் நீர் இருக்கிறது என்று ஸ்கேன் காட்டும். அது சீழா, வெறும் நீரா என்று ஸ்கேனுக்குத் தெரியாது. அதனால் மூட்டுக்குள் ஊசி விட்டு அந்த நீரை எடுத்துப் பார்க்கச் சொல்வார்கள்.

இந்த இடத்தில்தான் நம்மவர்கள் பயப்படுகிறார்கள். "முதுகில ஊசி போட்டா நடக்க முடியாதாம், இடுப்புல போட்டா என்னாகுமோ" என்று கையெழுத்துப் போட மறுத்து, பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போய்விடுகிறவர்களும் உண்டு. ஊசியால் கால் போகாது. சீழை உள்ளே விட்டால்தான் போகும். பிள்ளையை மயக்கியோ மரக்கச் செய்தோதான் எடுப்பார்கள். கலங்கலாக வந்து, அதில் வெள்ளை அணுக்கள் 50,000க்கு மேல் இருந்தால் சீழ் என்றே எடுத்துக்கொண்டு வைத்தியம் செய்வார்கள். பிறகு அந்த நீரில் கிருமியை வளர்த்து, எந்தக் கிருமி, எந்த மருந்துக்கு அடங்கும் என்று பார்ப்பார்கள்.

கிருமியின் பெயர் தெரிந்து என்ன லாபம் என்று கேட்கலாம். ஒரு உதாரணம் சொல்கிறோம், தேயிலையோடு சம்பந்தப்பட்டது. 1927இல் கொழும்பில் இருந்த ஒரு ஐரோப்பியத் தேயிலைத் தரகருக்கு மெலியோய்டோசிஸ் என்ற நோய் வந்தது என்று பதிவாகியிருக்கிறது. இலங்கையில் இந்த நோய்க்கு அதுதான் முதல் பதிவு. மண்ணிலும் சேற்றுத் தண்ணீரிலும் இருக்கும் கிருமி அது. பிறகு பல காலம் அதை யாரும் பெரிதாகத் தேடவில்லை. அண்மைக் காலத்தில் கொழும்பு மருத்துவ பீடத்தினர் தேடத் தொடங்கிய பின்னர்தான் நாட்டின் பல பகுதிகளிலும் அது இருப்பது தெரிந்தது. சீனி வருத்தம் உள்ள பெரியவர்களுக்கே அதிகம் என்றாலும் பிள்ளைகளுக்கும் வரலாம், மூட்டிலும் சீழ் வைக்கும். வழக்கமாக மூட்டுச் சீழுக்குப் போடும் ஊசி அதற்கு வேலை செய்யாது. நீரை எடுத்து வளர்த்துப் பார்க்காமல் அது பிடிபடாது.

எதிர்ப்பக்கமும் உண்டு. நாலு வயதுக்குக் குறைந்த பிள்ளைகளுக்குக் கிங்கெல்லா என்ற கிருமியால் வரும் மூட்டுச் சீழில் காய்ச்சல் லேசாக இருக்கும், இரத்தச் சோதனையும் அவ்வளவு மோசமாகக் காட்டாது. வழக்கமான முறையில் வளர்த்தால் அது வளரவும் வளராது. 1992இல் இஸ்ரவேல் வைத்தியர்கள் மூட்டு நீரை இரத்தம் வளர்க்கும் போத்தலில் விட்டுப் பார்த்தபோதுதான் எத்தனை பிள்ளைகளுக்கு அது இருக்கிறது என்று வெளியே வந்தது. ஆகவே காய்ச்சல் குறைவு என்பதற்காக ஊன்றாத காலை விட்டுவிட முடியாது.

இந்தக் காரணத்துக்காகத்தான் பாமசியில் அமொக்சிலின் வாங்கிக் கொடுக்க வேண்டாம் என்கிறோம். அரைகுறை மருந்து சீழைத் தீர்க்காது. ஆனால் கிருமி வளராதபடி செய்துவிடும். டொக்டருக்கு இருந்த தடயத்தை நாமே அழித்ததாகிவிடும். ஏற்கெனவே கொடுத்திருந்தால் மறைக்காமல் சொல்லுங்கள், யாரும் அடிக்க மாட்டார்கள். பனடோல் கொடுத்தால் எத்தனை மணிக்கு என்று சொல்லுங்கள். காய்ச்சல் குறைந்து காட்டியதற்குக் காரணம் அதுவாக இருக்கலாம். அஸ்பிரின், வலிக்கு வைக்கும் குளிசை எதுவும் நீங்களாகக் கொடுக்கக் கூடாது. டெங்கு என்றால் அவை இரத்தக் கசிவைக் கூட்டும். உருவ வேண்டாம், எண்ணெய் போட்டு அமுக்க வேண்டாம், முறிவு நெரிவு வைத்தியரிடம் கொண்டுபோய்க் கட்டவும் வேண்டாம். முறிவுக்கு அவர் கை நல்லதாக இருக்கலாம்; இது முறிவல்ல.

கொட்டாஞ்சேனையோ வெள்ளவத்தையோ, பொரளை ரிஜ்வேக்குச் சில மைல்தான். தெருவுக்குத் தெரு தனியார் கிளினிக் இருப்பதால் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு அலைந்து, ஒவ்வொன்றிலும் காய்ச்சலுக்கு ஒரு மருந்து வாங்கி இரண்டு மூன்று நாளைக் கழிப்பதை நாம் பார்க்கிறோம். காசும் போகிறது. அரசாங்க வைத்தியசாலையில் எலும்பு வைத்தியரும், சத்திரசிகிச்சையும், ஊசி மருந்தும் இலவசம். வாகனம் இல்லையென்றால் 1990க்கு அழைத்தால் சுவசெரிய அம்புலன்ஸ் வரும். 2016இல் தொடங்கிய சேவை அது, அதற்கும் காசில்லை. தோட்டத்தில் இருக்கும்போது என்றால் முதலில் டிஸ்பென்சரி ஐயாவிடம் காட்டி, "காலே ஊன்றுதில்லைங்க ஐயா" என்று தெளிவாகச் சொல்லி, நுவரெலியா, பதுளை, கண்டி என்று கிட்டத்தில் உள்ள பெரிய வைத்தியசாலைக்குத் துண்டு கேளுங்கள். பேராதனையிலும் சிறுவர் வைத்தியசாலை இருக்கிறது.

கொழும்பு வாட்டில் தமிழ் பேசுகிறவர் கிடைக்காவிட்டால் இந்த இரண்டு வசனம் போதும்: "கக்குல பிம தியன்ன பே" - காலை நிலத்தில் வைக்க முடியவில்லை. "தவஸ் தெகக் உண" - இரண்டு நாளாகக் காய்ச்சல். இந்த இரண்டையும் கேட்டால் எந்த டொக்டரும் காதைத் தீட்டிக்கொள்வார். வழியில் பிள்ளைக்குப் பணிஸும் சோடாவும் வாங்கிக் கொடுக்காதீர்கள், மயக்க மருந்து கொடுக்க வேண்டி வரலாம். தாய்ப்பாலை நிறுத்த வேண்டாம். கடைசியாக எப்போது கொடுத்தீர்கள் என்று சொன்னால் போதும்.

சிகிச்சையும் பிறகும்

சீழ் என்று தெரிந்தால் மூட்டைத் திறந்தோ துளையிட்டோ கழுவுவார்கள். இடுப்பு என்றால் அன்றைக்கே. சில நாள் நரம்பில் ஊசி, பிறகு வாயால் மருந்து, எல்லாமாக இரண்டு மூன்று கிழமையாவது; எலும்புக்குள்ளும் போயிருந்தால் இன்னும் கூடும். மூன்றாம் நாளே பிள்ளை சிரிக்கும், சாப்பிடும். அப்போதுதான் "சுகமாயிருச்சி, நாள் பேரும் போகுது, வீட்டுக்குப் போவோம்" என்று தோன்றும். அந்தக் கஷ்டம் நமக்குத் தெரியும். துணைக்கு நிற்க அம்மாயியையோ சித்தியையோ மாற்றி வைத்துக்கொள்ளுங்கள். மருந்தை மட்டும் பாதியில் விடாதீர்கள்.

தடுப்பு பற்றிக் கொஞ்சம். ஹிப் என்ற கிருமி முன்பு சின்னக் குழந்தைகளின் மூட்டுச் சீழுக்கு ஒரு பெரிய காரணம். 2008 முதல் இலங்கையில் 2, 4, 6 மாதங்களில் போடும் ஐந்து நோய்த் தடுப்பூசியில் அதற்கும் மருந்து இருக்கிறது. மருத்துவிச்சி அம்மா கூப்பிடும் நாளில் பிள்ளையைக் கொண்டுபோங்கள். கட்டி, சொறி, அட்டைக்கடிப் புண் என்பவற்றைச் சவர்க்காரம் போட்டுக் கழுவி, பெரிதானால் டிஸ்பென்சரியில் காட்டுங்கள்.

வீட்டுக்கு வந்தபின் கிளினிக் கொப்பியையும் நோய் நிர்ணய அட்டையையும் ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு, பிறப்புச் சான்றிதழோடு வையுங்கள். லயத்தில் கூரை ஒழுகினால் முதலில் நனைவது காகிதம்தான். குழந்தையின் எலும்பு வளரும் பகுதி மூட்டுக்கு ஒட்டியே இருப்பதால், இன்றைக்கு நன்றாக ஓடும் பிள்ளைக்கும் இரண்டு மூன்று வருடம் கழித்து ஒரு கால் கொஞ்சம் கட்டையாகத் தெரியலாம். அதைப் பார்க்கத்தான் கிளினிக்கில் திகதி கொடுத்துக்கொண்டே இருப்பார்கள். இடையில் நீங்களும் பாருங்கள்: பிள்ளையை நேராகப் படுக்க வைத்து இரண்டு முழங்காலையும் மடித்துப் பாதத்தை ஒன்றாக வையுங்கள். இரண்டு முழங்காலும் ஒரே உயரத்தில் நிற்கிறதா என்று கால்மாட்டில் நின்று பார்த்தால் தெரியும். ஒன்று தாழ்ந்திருந்தால் அடுத்த திகதி வரும்வரை காத்திராமல் கொப்பியை எடுத்துக்கொண்டு போங்கள்.